நின்றே பழசாகும் கார்: எதில் நாமே கை வைக்கலாம்?

கேள்வி: அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்று, மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். 2003-இல் வாங்கிய எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் வகை) மாருதி 800 ஒன்று என்னிடம் இருக்கிறது. இதுவரை 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இப்போதெல்லாம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ எடுப்பதோடு சரி. வண்டியை ஆரம்பம் முதல் பார்த்துவந்த மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டார். காலையில் செல்ஃப் மெதுவாகச் சுற்றி, மூன்றாவது முறைதான் எஞ்சின் பிடிக்கிறது. ரயில்வே கேட்டில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, கிளம்பிவிட்டால் இறங்கிவிடுகிறது. அக்காள் மகன் அவ்வப்போது ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றித் தருகிறான். ஓராண்டில் 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டுமா? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் கெடுதல் செய்யுமா? எந்த வேலைகளை நானே செய்யலாம், எதைத் தொடக் கூடாது? ஆர்.சி.யை 2028 வரை புதுப்பித்திருக்கிறேன். மகனோ விற்றுவிடச் சொல்கிறான்.

பதில்:

அன்புள்ள ஐயா,

வணக்கம். 61,000 கிலோமீட்டர் என்பது மாருதி 800-இன் எஞ்சினுக்குப் பெரிய ஓட்டமே இல்லை. அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முறையாக ஆயில் மாற்றிவந்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உழைக்கக்கூடியது. ஆனால் உங்கள் வண்டியின் வயதைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். ஓடுகிற வண்டியில் உலோகம் தேய்கிறது; நிற்கிற வண்டியில் ரப்பர் இறுகி வெடிக்கிறது, திரவங்கள் ஈரம் ஏறிக் கெடுகின்றன, பேட்டரி தானாக இறங்குகிறது, மின் இணைப்புகளில் பாசி பிடிக்கிறது. நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாமே இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே இனி உங்கள் பராமரிப்புக்கு வழிகாட்ட வேண்டியது மீட்டர் அல்ல, நாள்காட்டி. இந்த வகை வேலைகளில் பாதிக்கு மேல் கண்ணால் பார்ப்பதும், துடைப்பதும், அளப்பதும்தான் என்பதால், உங்கள் வயதில் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் சூடு ஏறும் பிரச்சினையைப் பார்ப்போம். எஞ்சினையே காவு வாங்கக்கூடியது அது ஒன்றுதான். நிற்கும்போது முள் ஏறி, ஓடும்போது இறங்குகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது பாதி நோயறிதலுக்குச் சமம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். ஆகவே சந்தேகம் முதலில் ரேடியேட்டர் விசிறியின் மீதே விழுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் என்று வேறு திசையில் போயிருப்பேன்.

சோதிப்பது எளிது. வண்டியை வாசலில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பேனட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். முள் நடுப்பகுதியை எட்டி, அதைச் சற்றுத் தாண்டுவதற்குள் விசிறி தானாகச் சுழலத் தொடங்கி, சில நிமிடங்களில் தானாக நிற்க வேண்டும். முள் மேலே போய்க்கொண்டே இருந்தும் விசிறி அசையவில்லை என்றால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு, ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து விசிறிக்கான ஃப்யூஸைக் கண்டுபிடித்து, அதே ஆம்பியர் கொண்ட புதியதைப் போட்டுப் பாருங்கள். பழைய ஃப்யூஸ் எரியாமல் இருந்து அதன் கால்களில் பச்சைப் பாசி மட்டும் படிந்திருந்தால், நைசான உப்புத்தாளால் தேய்த்துப் போட்டாலே போதும். அப்படியும் சுழலவில்லை என்றால் ரிலே, சூடறியும் சுவிட்ச், விசிறி மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்று பழுது. அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையின்போது வேட்டி, துண்டு, சட்டைக் கை எதுவும் விசிறிப் பக்கம் போகக் கூடாது. எந்த நொடியில் அது சுழலும் என்று சொல்ல முடியாது. எஞ்சினை அணைத்த பிறகும் சூட்டில் சுழலும் வண்டிகள் உண்டு.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. பட்டறைகளில்கூட இதைத் துடைத்துத் திருப்பி மாட்டுவதோடு சரி, யாரும் மதிப்பதில்லை. வெறும் மூடியாக இருந்தால் அப்படி விட்டுவிடலாம். அது ஒரு வால்வு. உள்ளே உள்ள நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதன் மூலம், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீரை 115 டிகிரிக்கு மேல் போகும்வரை கொதிக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, அதாவது இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில், மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் நகத்தை அழுத்தினால் பதிந்து மீள வேண்டும். உங்கள் மூடியின் ரப்பர் அநேகமாக ஓடுபோல் இறுகி, ரேடியேட்டர் வாயின் விளிம்பு ஓரிடத்தில் வெட்டியதுபோல் பதிந்திருக்கும். அப்படியானால் மூடியை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. வாங்கும்போது பழைய மூடியைக் கையோடு எடுத்துச்சென்று, அதன் தலையில் அச்சிட்டுள்ள அழுத்த எண் புதியதிலும் அதேதானா என்று பாருங்கள். எண் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்க வேண்டாம். பழைய ஹோஸ்கள் (ரப்பர்க் குழாய்கள்) அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காது. சூடான எஞ்சினில் இந்த மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தம் விடுபட்ட மறுகணமே உள்ளிருக்கும் நீர் கொதித்து முகத்தில் பீறிடும்.

இனி, அக்காள் மகன் ஊற்றும் குழாய்த் தண்ணீர். அன்போடு செய்கிறார் என்றாலும் நிறுத்தச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து, வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவம்போல உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு சூடு உலோகத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை. தண்ணீருக்குப் பதில் ஊற்ற வேண்டியது கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம். அது பனி உறையும் நாடுகளுக்கான சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு தவறான எண்ணம் நம் ஊரில் வெகுகாலமாக இருக்கிறது. அது கொதிநிலையை உயர்த்துகிறது என்பதைவிட, துருப்பிடிக்காமல் காக்கும் வேதிப்பொருள்கள் அதில் இருப்பதே நமக்கு முக்கியம். உங்கள் எஞ்சினில் தலைப்பகுதி அலுமினியம், கீழே பிளாக் இரும்பு. இருவேறு உலோகங்கள் வெறும் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அரிப்பு வேகமாகும்.

மாற்றும் வேலையை நீங்களே செய்யலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் அகலமான பேசின் ஒன்றை வைத்து, கீழ்த் திருகைத் தளர்த்தி வடியவிடுங்கள். இருபது ஆண்டுப் பழைய திருகு அசையவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள், ஒடிந்துவிடும். அதற்குப் பதில் கீழ் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்தி ஹோஸையே கழற்றி வடிக்கலாம். வெளியே வருவது செங்கல் நிறத்தில் இருந்தால் வியப்படைய வேண்டாம். நல்ல தண்ணீர் ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். நீர் தெளியும்வரை இப்படிச் செய்துவிட்டு, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள். அடர்த்தியானதை வாங்கி வீட்டில் கலப்பதில் விகிதம் தவற வாய்ப்பு உண்டு. மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறி மட்டம் இறங்கும். இறங்க இறங்க நிரப்பிவிட்டு மூடியைப் போடுங்கள். வடித்த அளவும் ஊற்றிய அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வெகுவாகக் குறைந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். பிறகு பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் குப்பியில் இரு கோடுகளுக்கு நடுவே நிரப்புங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். துரு அடைத்துக்கொண்டிருந்த நுண்ணிய ஓட்டைகள் கழுவிய பிறகு ஒழுகத் தொடங்கலாம். கழுவியதால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், முன்பே கெட்டிருந்தது இப்போது தெரிகிறது. மற்றொன்று, கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கடும் நஞ்சு. வடித்ததை வாசலில் கொட்டினால் நாய், பூனை, கோழி எதுவும் நக்கிச் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதற்கு வருகிறேன். எல்லோரும் உடனே பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பழைய கார் வைத்திருப்பவருக்கு ஸ்பேனருக்கு அடுத்தபடியாகத் தேவையான கருவி அதுதான். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் கால் பங்கு இறங்கியிருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டவில்லை என்றால் குறை, நம் ஊரில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. புதிய பேட்டரி வாங்கினாலும் சில நாளில் பழைய கதைதான்.

காலையில் 12.6 இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் மின்சாரம் போகும் வழியில் தடை இருக்கிறது. பேட்டரி டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியே முதல் காரணம். முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ் என்ற வரிசையில் கழற்றுங்கள். மாட்டும்போது பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். வரிசை மாறினால், பாசிடிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறிக் கார் உடலில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கும் என்பதால் அது வெடிப்பிலும் முடியலாம். செல்களின் மூடிகள் இறுக்கமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொடி நுரைத்துக் கரைந்துவிடும். துடைத்துக் காயவிட்டு, முனைகளை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். வாசலினை மாட்டிய பிறகே தடவ வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரி நெகடிவிலிருந்து கார் உடலுக்கும் எஞ்சின், கியர் பெட்டிப் பக்கத்துக்கும் போகும் எர்த் கம்பிகளின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் பேட்டரி எவ்வளவு புதிதாக இருந்தும் செல்ஃப் சோம்பும். கடல் காற்று எட்டும் உங்கள் பகுதியில் இது சர்வசாதாரணம். அந்த போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்டும் துருவும் போகத் தேய்த்து இறுக்குங்கள். இவ்வளவு செய்த பிறகும் காலை அளவு குறைவாகவே இருந்தால், அதுவும் பேட்டரி நான்கைந்து வயதைக் கடந்திருந்தால், மாற்றிவிடலாம். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மாதம் ஒரு முறை தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

மூன்றாவது முறைதான் எஞ்சின் பிடிக்கிறது என்பதற்கு ஓட்டும் பழக்கமும் காரணமாக இருக்கலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்புறமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடிகள் முனகி நிற்கும். அந்த ஒலி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டாம். நாள்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் இறங்கியிருக்கும் என்பதால், ஒரு முறை ஆன் செய்து அணைத்து மறுபடி ஆன் செய்வதும் நல்லது. அந்த முனகல் கேட்கவே இல்லை என்றால் பம்ப்பின் ஃப்யூஸையும் ரிலேவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளையும் ஒரு நாள் கழற்றிப் பாருங்கள். மூன்றே மூன்றுதான். ஆறிய எஞ்சினில், குழப்பம் வராதபடி ஒவ்வொன்றாக வயரை எடுத்து, சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்ற வேண்டும். முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய் ஈரத்துடன் கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயிலை உள்ளே விடுகிறது. திருப்பி மாட்டும்போது முதல் சில சுற்றுகளை ஸ்பேனரால் அல்ல, விரலாலேயே ஏற்றுங்கள். அலுமினியத் தலையில் மரை ஒரு முறை கோணலாக ஏறிவிட்டால், நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். பிளக் முனையின் இடைவெளி எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் வண்டிக்குச் சொல்லும் அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

ஏர் ஃபில்டரை அறுவடைக் காலம் முடிந்ததும் கட்டாயம் திறந்து பாருங்கள். வைக்கோல் தூசு கணிசமாகச் சேரும். கிளிப்புகளை நீக்கினால் கையோடு வந்துவிடும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் காகித மடிப்புகளின் ஊடே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தட்டிக்கொண்டிருக்காமல் மாற்றுங்கள். அந்தப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தால் வயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். வயலோரம் நிற்கும் கார்களில் எலியின் வேலைதான் எலக்ட்ரீஷியன்களுக்குப் பெரும் வருமானம். புகையிலைக் கட்டு வைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அதன் வாடை போனதும் எலி திரும்பிவிடும். வாரம் ஒரு முறை பேனட்டைத் திறந்து பார்ப்பதே நம்பகமான வழி.

ஆயில் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும், கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும்; இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அது ஆயிலிலேயே தங்கிப் புளிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் உட்புறத்தைப் பாருங்கள். மோர் ஏடுபோல் வெளிறிய படலம் மூடியில் மட்டும் இருந்தால் அது இந்த ஈரம்தான். நன்றாக ஓட்டினால் போய்விடும். அதே நிறம் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியைக் கிளப்பவே கூடாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அடிக்கடி சூடேறிய வண்டி என்பதால் இந்தச் சோதனையை இன்றே செய்துவிடுங்கள்.

ஆயில் மாற்றும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கடினமான வேலை என்பதற்காக அல்ல. இந்த வண்டி தரைக்கு மிக அருகே நிற்பதால் தூக்காமல் அடியில் போக முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது எந்த வயதிலும் கூடாது. ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் உரியது. கையேட்டில் சொல்லியுள்ள கிரேடு ஆயிலையும் ஃபில்டரையும் வடிகால் போல்ட்டுக்கான வாஷரையும் நீங்களே வாங்கிக்கொண்டு, குழி அல்லது லிஃப்ட் உள்ள வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்குப் போய், பக்கத்தில் நின்று மாற்றச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடவில்லையே என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றிவிட்டால் வீடு வந்து சேர்வதற்குள் ஆயில் முழுதும் சாலையில் கிடக்கும்.

எத்தனால் பெட்ரோலைப் பற்றி அச்சப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 20 விழுக்காடு எத்தனாலுக்கு ஏற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் இருக்கின்றன. 2003-ஆம் ஆண்டு ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி மென்மையாகலாம் அல்லது காய்ந்து வெடிக்கலாம். மைலேஜ் சிறிது குறையும். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதே காரணம். எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், மாதக்கணக்கில் டேங்க்கைப் பாதி காலியாக வைத்து நிறுத்தாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது, மாதம் ஒரு முறை எஞ்சின் ஓடும்போது பேனட்டுக்குள் பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பதும், ஹோஸ்களின் முனைகளில் கசிவு, வெடிப்பு உண்டா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும்தான். எம்.பி.எஃப்.ஐ. குழாயில் பெட்ரோல் அழுத்தத்தில் நிற்கிறது. அதை நீங்கள் கழற்றக் கூடாது. மெக்கானிக் மாற்றும்போது எம்.பி.எஃப்.ஐ.க்கு உரிய அழுத்தம் தாங்கும் ஹோஸைத்தான் போடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கான மலிவு ஹோஸ் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். சில வாரங்களில் பிளந்து சூடான எஞ்சின் மீது பெட்ரோலைப் பீய்ச்சும்.

டயரை எடுத்துக்கொள்வோம். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் இறுதியில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. சாலையில் படும் பூ (டயரின் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஆறு ஆண்டைக் கடந்த டயரின் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகளைத் தேடுங்கள், பத்து ஆண்டைத் தொட்டதை எந்த நிலையிலும் வைத்திருக்க வேண்டாம். ஸ்டெப்னியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். வண்டியோடு வந்த முதல் டயரே பல கார்களில் இன்னும் டிக்கியில் கிடக்கிறது.

பிரேக் விஷயத்தில் உங்கள் வேலை பார்ப்பதோடு முடிகிறது. பிரேக் ஆயில் குப்பியில் மட்டம் இறங்கிக்கொண்டே போனால் பேடு தேய்கிறது அல்லது எங்கோ கசிகிறது. மேலே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது ஆபத்து. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; தேன் நிறம் மாறிக் காப்பிக் கஷாயம்போல் கறுத்திருந்தால் வெகுநாள் மாற்றவில்லை என்று பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பட்டறையில் முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். பின்சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் தெரிந்தாலோ, பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்காதீர்கள், பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டுச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

கதவுகளின் அடி விளிம்பில் உள்ள சிறு நீர்வடி துளைகளை ஐப்பசி மழைக்கு முன் ஒரு தென்னை ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது தகடு பாதி போயிருக்கும். மிதியடிகளைத் தூக்கித் தரை ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உதிரி பாகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் மகன் கேட்பார். மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆயினும் இதே 796 சிசி எஞ்சின் மாருதி ஆம்னி வேனிலும் இருந்ததால், எஞ்சின் சாமான்களுக்கு இன்றும் தட்டுப்பாடு இல்லை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, விளக்குக் கூடு போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம், தவறில்லை. பிரேக், பெல்ட், ஹோஸ் என்ற மூன்றையும் பழையதாகவோ பெயர் தெரியாத பெட்டியிலோ வாங்கக் கூடாது.

விற்பதா வைத்திருப்பதா என்பதை இரண்டு சோதனைகளுக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். ஒன்று, வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடித்தகட்டையும் சஸ்பென்ஷன் பொருத்தியுள்ள இடங்களையும் ஒரு நல்ல டிங்கரிடம் காட்டுங்கள். அங்கே துரு ஓட்டை விழுந்திருந்தால் மகன் சொல்வதே சரி; அந்தச் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். மற்றொன்று, எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பழைய பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் புதியதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். அதுவும் ரப்பர்தான், அதற்கும் வயதாகியிருக்கும், அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த வேலை நடக்கும்போதே ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம்.

அடித்தகடு நன்றாக இருந்து, வைத்துக்கொள்வது என்று முடிவானால், பதினைந்து நாள் என்பதை வாரம் ஒரு முறை ஆக்குங்கள். வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஓடவிடுவது கணக்கில் வராது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல், தரங்கம்பாடி வரையாவது போய் வாருங்கள். விசிறி சுழன்றதா, காலையில் மல்டிமீட்டர் எவ்வளவு காட்டியது, டிப்ஸ்டிக்கில் ஆயில் என்ன நிறத்தில் இருந்தது என்ற மூன்றையும் எழுதி அனுப்பினால், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். அதுவரை ரயில்வே கேட்டில் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.